கம்பத்தடிப் பயிற்சி

கொக்குவில் தொழில்நுட்பக் கல்லூரியில் மின் பாடநெறி படிக்கும் பிள்ளைக்கு வகுப்பும் பரீட்சையும் முடிந்தவுடன் சான்றிதழ் கிடைத்துவிடாது. சில மாதங்கள் அரச மின் நிறுவனத்திலோ தனியார் நிறுவனத்திலோ மின் ஒப்பந்தகாரர் ஒருவரிடமோ பயிலுனராக நின்று, அன்றாடம் செய்த வேலையைப் பதிவேட்டில் எழுதி, மேற்பார்வையாளரிடம் கையொப்பமும் வாங்க வேண்டும். இலங்கையில் இந்த வழக்கத்துக்கு 1971இல் சட்டம் வந்தது. இன்று அதைக் கவனிப்பது நைற்றா எனப்படும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை. மின்துறைக்கு இதைவிடப் பொருத்தமான கல்வி முறை இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அதை நாம் நடத்துகிற விதத்தில்தான் பெரிய குறை இருக்கிறது.

முதலில் அதன் பலத்தைச் சொல்ல வேண்டும். ஒரு கம்பியில் மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்வது எப்படி என்பது எந்தப் புத்தகத்திலும் உண்டு. அனுபவமுள்ள லைன்மன் ஒருவர் அதைச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அதன் கனம் விளங்கும். ரெஸ்ரரை எடுத்தவுடன் அவர் வேலை செய்யவேண்டிய கம்பிக்குப் போகமாட்டார். மின்சாரம் நிச்சயம் இருக்கிற ஓரிடத்தில் வைத்து, கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பார். அதன் பிறகு நிறுத்தப்பட்ட கம்பியைத் தொட்டுப் பார்ப்பார். திரும்பவும் பழைய இடத்துக்கு வந்து, இடையில் கருவி பழுதாகவில்லை என்று உறுதிசெய்வார். ரெஸ்ரர் பேசாமல் இருப்பதற்குக் கம்பியில் மின்சாரம் இல்லாதது மட்டுமல்ல, ரெஸ்ரர் செத்துப்போனதும் காரணமாக இருக்கலாம். அவசரம், மழை, வீட்டுக்காரரின் நச்சரிப்பு எது இருந்தாலும் அந்த மனிதர் இந்த மூன்று படிகளில் ஒன்றையும் விடாததைக் காணும் பயிலுனர் அதை ஆயுளுக்கும் மறக்கமாட்டார்.

கம்பியை நிலத்தொடுப்புச் செய்வதும் அப்படித்தான். யாழ்ப்பாணத்துக்கு இதில் தனிக் காரணம் உண்டு. 1990க்குப் பிறகு குடாநாடு பல ஆண்டுகள் தேசிய மின்வலையமைப்பிலிருந்து அறுபட்டுக் கிடந்தது. ஜெனரேற்றர் வைத்திருக்கும் பழக்கம் அன்று ஊரில் வேரூன்றியது. 2022இன் நீண்ட மின்வெட்டு அதைப் புதுப்பித்தது. மாற்று ஆளி பொருத்தாமல், ஜெனரேற்றரை ஏதோவொரு பிளக் வழியாக வீட்டு வயரிங்கில் கொடுத்தால் அந்த 230 வோல்ற்று வீட்டோடு நிற்காது. சேவைக் கம்பி வழியே வெளியேறி, மின்மாற்றியைப் பின்பக்கமாகக் கடந்து, மறுபுறம் 11,000 வோல்ற்றாக எழக்கூடும். ஆளியைத் திறந்துவிட்டோம், லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவரை அது கொல்லும். வேலை நடக்கும் இடத்தின் இரண்டு பக்கமும் நிலத்தொடுப்புப் போடுவது இதற்காகத்தான். சோளகக் காற்றில் காவோலை விழுந்து லைன் அறும் நாளில், இருட்டில், எந்த வீட்டில் ஜெனரேற்றர் ஓடுகிறது என்று காதுகொடுத்துக் கேட்டபடி நிற்பவரோடு நின்ற பயிலுனருக்கு இதை யாரும் வினாத்தாளில் கேட்கத் தேவையில்லை.

நிலத்தடியில் சுண்ணக்கல் கிடக்கிற இந்த மண்ணில் நிலத்தொடுப்புக் கோலை இறக்குவதே ஒரு பாடு. செம்மண் படை மெல்லியதாக உள்ள வளவில் சில அடிக்குள் கல் முட்டும். கோலை வெட்டிப்போட்டு மூடிவிடுவதா, வேறிடம் தேடித் தடையை அளந்து பார்ப்பதா என்ற முடிவில் ஒரு குடும்பத்தின் உயிர் இருக்கிறது. கொழும்பில் அச்சான கைநூலில் கொக்குவில் வளவு இராது.

இவ்வளவும் கிடைப்பது நல்ல கையில் அகப்பட்ட பயிலுனருக்கு. மற்றவர்கள் கதை வேறு. கோப்புத் தூக்குவது, போட்டோக்கொப்பி எடுப்பது, களஞ்சியத்தில் போல்ற் எண்ணுவது என்று மாதங்கள் ஓடிவிடுகின்றன. உயிராபத்துள்ள வேலையில் பயிலுனரைக் கைவைக்க விடாதது சரியே. அதற்காக அவரைக் கூட்டிக்கொண்டு போகாமலே விடுவது நியாயமாகாது. பெண் பிள்ளைகளுக்கு இந்த அலுவலக மேசை இன்னும் எளிதாக விதிக்கப்படுகிறது. வெளிவேலை அவர்களுக்குச் சரிவராது என்ற முடிவை அவர்களைக் கேளாமலே எடுத்துவிடுகிறார்கள். கொடுப்பனவு பஸ் காசுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் காணாதபோது, வசதியில்லாத வீட்டுப் பிள்ளை பாதியில் விட்டுவிட்டுக் கூலி வயரிங்குக்குப் போவதில் வியப்பில்லை.

பதிவேடு இதில் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. முந்திய அணியின் பதிவேட்டைப் பார்த்து எழுதினாலும் அதே கையொப்பம் விழும். வரவும் பக்கங்களும் சரியாக இருந்தால் பயிற்சி நடந்ததாகக் கணக்கு. செத்த கம்பியை உறுதிசெய்ய அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா என்று கம்பத்தடிக்கு வந்து பார்க்க ஆள் இல்லாதவரை இது மாறாது.

இதற்கு லைன்மனையோ போர்மனையோ குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் வேலைப்பட்டியலில் கற்பித்தல் இல்லை. அதற்கு நேரமும் இல்லை, ஒரு சதமும் கூடுதலாக இல்லை. நம் உறவுகள் வாழும் சுவிற்சர்லாந்தில், வீட்டு மின் நிறுவல் வேலைக்கான பயிற்சி 4 ஆண்டுகள். கிழமையில் ஒன்றிரண்டு நாள் பள்ளி, மீதி நாள் கொம்பனியில் சம்பளத்தோடு வேலை. பயிலுனரை எடுக்கும் கொம்பனியில் அவருக்குப் பொறுப்பான பயிற்றுநர் ஒருவர் இருக்க வேண்டும். கற்பிப்பதற்கென்று தனிப் பாடநெறியை அவர் முடித்திருக்கவும் வேண்டும். இங்கிருந்து போன பெற்றோரின் பிள்ளைகள் பலர் அந்த வழியில்தான் தொழிலுக்கு வந்தார்கள். அந்த நாட்டுப் பணம் நம்மிடம் இல்லை. கற்பிக்கும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதிவைக்க அவ்வளவு பணம் தேவையுமில்லை.

காலமும் காத்திருக்கவில்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு பகலில், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட ஒரு கோளாறில் நாடே இருண்டது. மின்தேவை குறைந்து, சூரிய மின்சாரம் நிறைந்திருந்த வேளை அது; அதிர்ச்சியைத் தாங்கும் பெரிய சுழல் இயந்திரங்கள் குறைவாக ஓடிக்கொண்டிருந்தன. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரியத் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. கொக்குவில் ஒழுங்கைகளிலும் கூரைகளில் சூரியத் தகடுகள் ஏறுகின்றன. மத்தியானத்தில் லைன் வோல்ற்றளவு ஏன் கூடுகிறது, மின் நின்றதும் இன்வேற்றர் தானாக நிற்கிறதா என்று சோதித்துச் சொல்ல ஆள் வேண்டும். இதில் மூத்தவருக்கே அனுபவம் புதிது. அவரும் பயிலுனரும் சேர்ந்து படிக்க வேண்டிய இடம் இது.

2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டம் மின்சார சபையைப் பல நிறுவனங்களாகப் பிரிக்க வழிசெய்தது. இலாப நட்டம் தனித்தனியாகப் பார்க்கப்படும்போது, உடனடி வருமானம் தராத பயிற்சிதான் முதலில் வெட்டுப்படும் என்று அஞ்சுகிறேன். எத்தனை பயிலுனரை எடுப்பது, அவர்களுக்குப் பொறுப்பானவர் யார், அவருக்கு என்ன கொடுப்பனவு என்பவை ஒவ்வொரு விநியோக நிறுவனத்தின் உரிம நிபந்தனையிலேயே எழுதப்பட வேண்டும். மதிப்பீட்டாளரும் பதிவேட்டை மேசையில் புரட்டுவதை விட்டு, ஒரு ரெஸ்ரரைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் பார்க்கட்டும்.