மூடு யாருக்கு உண்டு?

தாலுகா ஆபீஸுக்கு மனு கொடுக்கப் போகிறவர்கள் அதிகாரி இருக்கிறாரா என்று கேட்டு முடித்ததும் அடுத்துக் கேட்பது, 'ஐயா மூடு எப்படி இருக்கு?' என்பதுதான். வாசலில் நிற்கும் ஊழியர் உதட்டைப் பிதுக்கினால் மனு திரும்பப் பைக்குள் போய்விடும். அந்த ஊழியருக்கு அன்று மூடு எப்படி என்று யாரும் கேட்பதில்லை. மனுவோடு வெயிலில் வந்த கிழவிக்கு மூடு என்று ஒன்று இருக்கும் என்பதே யாருக்கும் தோன்றாது. இங்கிலீஷிலிருந்து வந்த இந்தச் சொல், தமிழில் நாற்காலியோடு சேர்ந்துதான் வந்திருக்கிறது.

வேலைத்தலத்தில் உணர்ச்சிகளை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று இப்போது நிறையச் சொல்லித் தருகிறார்கள். டேனியல் கோல்மனின் 'இமோஷனல் இன்டலிஜென்ஸ்' 1995இல் வந்தது. அதற்குப் பின் தமிழில் குவிந்த தன்முன்னேற்றப் புத்தகங்களும் கம்பெனிப் பயிற்சி வகுப்புகளும் ஒரே பாட்டைப் பாடுகின்றன: கோபத்தை அடக்கு, சிரித்த முகமாய் இரு, வீட்டுப் பிரச்சினையை வாசலிலேயே கழற்றி வை. கோபம் அவனவன் மண்டைக்குள்ளே தானாக முளைத்து அவனவன் வேலையைக் கெடுக்கிறதாம். அது எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது என்ற கேள்வியே அங்கே கிடையாது.

எம்.ஏ. வகுப்பில் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்கினோம். இப்போது அதைத் திரும்பப் படிக்கும்போது சுருக்கென்று தைக்கிறது. அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது இலக்கணம்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய்க்கும் புலிக்கும் திருடனுக்கும் அடுத்தபடி ஒருவன் தன் தலைவனுக்குப் பயப்படுகிறான். அழுகை பிறக்கும் இடங்களில் முதலாவது இழிவு, அதாவது பிறர் இழிவாக நடத்துவது. சாவு இழப்பெல்லாம் அதற்குப் பின்னாடிதான். பயிற்சி வகுப்பு எடுக்கிறவருக்குத் தெரியாத ஒன்று பழைய இலக்கணக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. உணர்ச்சி இரண்டு பேருக்கு நடுவில், ஏற்றத்தாழ்வில் பிறக்கிறது.

இதற்காகத் தொல்காப்பியரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட வேண்டியதில்லை. அதே நூலின் அகத்திணையியல் அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக்கு வெளியே நிறுத்துகிறது. பிறர் ஏவிய வேலையைச் செய்கிறவனுக்கு ஒழுங்கான காதல் கிடையாது. கைக்கிளையும் பெருந்திணையும் போதும். பெருமிதத்துக்குச் சொன்ன காரணங்களையும் பாருங்கள்: கல்வி, தறுகண், புகழ், கொடை. ஏட்டைத் தொடவிடாமல் வைத்தவனுக்கும், கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லாதவனுக்கும் நான்கில் எது மிச்சம்? உரைகாரர்களுக்கு இந்தக் கேள்வி எழவில்லை. நம்முடைய தமிழ்த் துறைகளிலும் எழுந்ததாகத் தெரியவில்லை.

அமெரிக்காவில் ஆர்லி ஹோக்ஷீல்டு 1983இல் 'தி மேனேஜ்டு ஹார்ட்' எழுதினார். விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் ஆராய்ந்த நூல். பணிப்பெண்ணுக்குச் சிரிப்பு வேலை, வசூல்காரனுக்கு உறுமல் வேலை. இரண்டும் கூலிக்கு விற்கும் உணர்ச்சி. அதில் 'நிலைக் கவசம்' என்று ஒரு கருத்து வருகிறது. சமூகத்தில் உயர்ந்த இடத்தில் இருப்பவரைப் பிறர் எரிச்சல் எளிதில் தொடாது, கவசம் காக்கும். கீழே இருப்பவருக்குக் கவசம் இல்லை. அங்கே அவர் பேசியது பெண்களைப் பற்றி. நம் ஊரில் அந்தக் கவசத்தைச் சாதி பிறக்கும்போதே மாட்டிவிடுகிறது, அல்லது பறித்துவிடுகிறது.

எம்.ஏ. முடித்த பிறகு ஒன்றரை வருஷம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றேன். நின்றேன் என்றால் நின்றேன்தான், உட்கார ஸ்டூல் கிடையாது. (கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2021இல்தான்.) காலையில் முதலாளி சூப்பர்வைசரைத் திட்டுவார். பத்தரை மணிக்கு அது எங்கள் கவுண்டருக்கு வரும். மத்தியானம் கூட்டிப் பெருக்குகிற அக்காவிடம் போய் முடியும். ஊர் எது, தெரு எது என்று விசாரித்து என்னைத் தெரிந்துகொண்ட பின் சூப்பர்வைசரின் ஜோக்குகள் மாறின. நான் சிரிக்கவில்லை. 'மூஞ்சி கடுகடுன்னு இருக்கு, கஸ்டமர் ஓடிருவான்' என்று அரை நாள் சம்பளத்தை வெட்டினார். பக்கத்தில் நின்ற பெண்ணும் அன்று சிரிக்கவில்லை. அவளிடம், 'என்னம்மா, உடம்புக்கு முடியலையா?' என்று கேட்டார். பெருக்குகிற அக்கா என்னிடம் சொன்னது: 'அவுகளுக்கு வந்தா கோவம் பாப்பா. நமக்கு வந்தா திமிரு.' என்னை வைத்து ஒரு கருத்தரங்கம் நடத்தியிருந்தால்கூட இவ்வளவு தெளிவாக வந்திருக்காது.

இந்த இடத்தில் நம் இலக்கியம் என்ன செய்திருக்கிறது? பாமாவின் 'கருக்கு' (1992) நூலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு காட்சி. தெருவில் ஒரு பெரியவர் வடைப் பொட்டலத்தை நூலைப் பிடித்துத் தூக்கி வந்து நாயக்கரிடம் குனிந்து கொடுக்கிறார். பார்க்கிற சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. அண்ணன் காரணத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்று கோபம் வருகிறது. ஒரு வேலையைப் பார்த்த பார்வை அரைப் பக்கத்தில் நகையிலிருந்து வெகுளிக்கு மாறுகிறது. ஆனால் பொட்டலம் தூக்கிய பெரியவருக்கு அந்த நேரம் என்ன இருந்தது? கூச்சமா, ஒன்றுமே இல்லையா? நூல் அவருக்குள் போகவில்லை. கோபப்படும் உரிமை பள்ளிக்கூடம் போன பிள்ளைக்குத்தான் கிடைக்கிறது.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) பற்றி அப்போது நடந்த சண்டை பலருக்கு நினைவிருக்கும். தலித்துகளுக்குள்ளே இருக்கும் ஒடுக்குமுறையை வெளிச்சம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்றார்கள். எனக்கு அந்தக் குற்றச்சாட்டு ஏற்புடையதல்ல. பறையர் காலனிக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியத்துக்கு அழுகையே வேலையாக இருக்கிறது. சாவு வீட்டில் அவள் செய்ய வேண்டிய காரியங்கள் உண்டு, அவள் புலம்பலும் அதில் சேர்த்தி. ராத்திரி சோறு எடுக்கப் போகும்போது வாழ்த்து, களத்தில் கெஞ்சல். எந்த வாசலில் எந்தக் குரல் என்று அவளுக்குத் தெரியும். ஹோக்ஷீல்டு ஏர்போர்ட்டில் கண்டதை இமையம் வெளுக்கும் துறையில் எழுதியிருக்கிறார். என் வருத்தம் வேறு. தன் வீட்டுக்குள், யாரும் பார்க்காத இடத்திலும் ஆரோக்கியம் அதே ஒப்பாரியில்தான் பேசுகிறாள். வேலைக்குப் போட்ட குரலும் சொந்தக் குரலும் ஒன்றாகிவிட்டதா, அல்லது ஆசிரியருக்கு அவளுடைய மற்றக் குரல் கேட்கவில்லையா? மகள் மேரிக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகும் அந்த வீட்டில் வெகுளி வாய்விட்டு எழவில்லை. பிழைப்பின் விதி அப்படி என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அந்தச் சமாதானம் முழுசாகப் போதவில்லை.

'சங்கதி' (1994) வந்ததும் அந்தக் குரல் கிடைத்தது. காட்டு வேலையில் பெண்கள் வைகிறார்கள், கேலி பேசுகிறார்கள், பாட்டுக் கட்டுகிறார்கள். அதே நூலில் முதலாளியிடமிருந்து தப்பி ஓடிவந்த மாரியம்மாவுக்கு ஊர்க்கூட்டம் அபராதம் போடுகிறது. சிரிப்பு வரப்புவரைக்கும் செல்லும், கூட்டத்தில் செல்லாது என்பதையும் பாமா மறைக்கவில்லை. 'சங்கதி'ப் பெண்களின் சிரிப்பை மட்டும் பிய்த்தெடுத்து விழாக் கொண்டாடும் விமர்சகர்கள் இந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

காடு, களம், துறை எல்லாம் எழுதியாயிற்று. ஆபீஸ்? அம்பேத்கர் 1917இல் வெளிநாட்டுப் படிப்போடு பரோடாவுக்கு வேலைக்குப் போனார். சிப்பந்திகள் அவர் மேஜைமேல் ஃபைலைத் தூக்கி எறிந்தார்கள், ஆபீஸில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. பதவியில் கீழே இருந்த சிப்பந்திக்குக் கவசம் இருந்தது, அதிகாரிக்கு இல்லை. தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து பதினோராம் நாள் தடியோடு வந்து விரட்டியதை 'விசாவுக்காகக் காத்திருத்தல்' குறிப்புகளில் அவரே எழுதுகிறார். பதினெட்டு வருஷத்துக்குப் பிறகும் நினைத்தால் கண்ணீர் வருகிறது என்கிறார். அரசியல் சட்டம் எழுதிய கை, தன் பயத்தையும் கெஞ்சலையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறது.

அதற்குப் பின் இடஒதுக்கீட்டில் ஆயிரக்கணக்கான பேர் ஆபீஸுக்குள் போயிருக்கிறார்கள். வேலை சுத்தம், 'ஆனால் பழகத் தெரியாது', 'முன்கோபி', 'தொட்டாச்சிணுங்கி' என்ற பெயர்களோடு ஓய்வு பெற்றவர்களை நான் அறிவேன். இந்தப் பெயர்கள் காற்றில் போவதில்லை, மேலதிகாரி எழுதும் வருடாந்திர ரகசியக் குறிப்பில் ஏறிப் பதவி உயர்வில் உட்காரும். பாதகமான குறிப்பை மட்டும் தெரிவித்தால் போதும் என்று ரொம்ப நாள் வைத்திருந்தார்கள். நல்லதோ கெட்டதோ எல்லாக் குறிப்பையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2008இல். ஆகவே தன் முகத்தைப் பற்றியும் கோபத்தைப் பற்றியும் இன்னொருவர் எழுதிய வாசகம் இப்போது பல தோழர்கள் வீட்டு அலமாரியில் இருக்கும். அந்த வாசகத்தையும், அன்றைக்கு ஆபீஸில் உண்மையில் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதி அனுப்புங்கள். நாலு பக்கம் போதும். பெயர், ஊர் மாற்றிக்கொள்ளலாம்.