லயனல் வெண்டின் புகைப்படக்கலை: ஒரு சமூகவியல் நோக்கு

1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசின. மறு ஆண்டு, 1943 ஓகஸ்ற் 29ஆந் திகதி, கொழும்பில் லயனல் வெண்டின் இல்லத்தில் ஓவியர் சிலர் கூடி ‘43 குழு’வை அமைத்தனர். போர்க்காலத்து இவ்விரு நிகழ்வுகளையும் ஒருசேர நோக்குதல் நம் கலைவரலாற்றில் வழக்கமன்று. துறைமுக நகரொன்றில் இருந்து எழுதும் நாம் அவ்வாறு நோக்க விரும்புகின்றோம்.

வெண்ட் (1900–1944) நீதியரசர் ஒருவரின் மைந்தர். இங்கிலாந்திற் சட்டமும் பியானோ இசையும் பயின்றவர். ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தெரணியகல, இவான் பீரிஸ் முதலானோரின் நவீன ஓவியத்துக்கு அவரது வீடும் செல்வமும் புரவலாயின. அவ்வட்டத்தின் நடுவே நின்று அவர் கமெராவைக் கையாண்டார். நண்பர்கள், நடனக் கலைஞர், உழவர், மீனவர், திறந்த மேனியுடைய இளைஞர் ஆகியோர் அவர் படங்களில் இடம்பெற்றனர்.

இவற்றை மேட்டுக்குடி அழகியல் என ஒதுக்குவது எளிது. ஆயின் அது வரட்டு மார்க்சியமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் வணிகப் புகைப்பட நிலையங்கள் நம் மக்களை இன மாதிரிகளாக்கி விற்றன. வெண்டோ உழைக்கும் உடலின் பாரத்தையும் களைப்பையும் அழகையும் கண்டார். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கியிருந்த சூழலில், ஆணுடலைப் பரிவோடு நோக்கும் பார்வைக்கு வீட்டின் அந்தரங்கமே காப்பாக அமைந்தது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

எனினும், வீடும் கமெராவும் இருட்டறையும் ஒருவரது உடைமை. படத்திலுள்ள உடல் இன்னொருவரது. இவ்வுறவே யாருக்குப் பெயர் எஞ்சும் என்பதைத் தீர்மானித்தது. ஓவியர்களின் பெயர்களை நாம் அறிவோம். அவ்விளைஞர்களுட் பலரின் பெயர்களோ நம்மை வந்தடையவில்லை. அதே காப்பு அவர்களின் பெயர்களை மறைக்கும் திரையுமாயிற்று. வெண்டின் மறைவுக்குப்பின் படச்சுருள்கள் அழிக்கப்பட்டன. எஞ்சிய அச்சுப்படிகளிலிருந்து 1950இல் இலண்டனில் ஒரு நூல் வெளிவந்தது. தனியொருவரின் சேகரிப்பு இவ்வாறு ஒரு நாட்டின் கலை நினைவாகியது. அந்நினைவின் செழுமையும் அதன் மௌனமும் ஒரே உடைமை உறவின் விளைவுகளே.

இம்மௌனம் திருகோணமலையில் வாழும் நமக்கு அந்நியமானதன்று. குண்டுவீச்சின்போது இத்துறைமுகத்தில் உழைத்தோரையும், 1957இல் இலங்கையிடம் கையளிக்கப்படும்வரை பிரித்தானியக் கடற்படைத் தளத்திற் பணியாற்றியோரையும் நினைவிற் பேண எந்தப் புரவலரும் இருக்கவில்லை. அவர்களது முகங்கள் வீட்டுப் பெட்டகங்களிலேயே இருந்தன. அவற்றுட் பலவற்றைப் போரும் இடப்பெயர்வும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் கொண்டுசென்றன. எஞ்சிய படங்களைத் திரட்டி, அவற்றிலுள்ளோரை இனங்காட்டக்கூடிய முதியோர் நம்மிடையே வாழும்போதே பெயர்களைப் பதிவுசெய்வது முற்போக்கு ஆய்வாளரின் உடனடிக் கடமையாகும். வெண்டின் படங்களை வியக்கும் உரிமையும் அக்கடமையை ஏற்போருக்கே முழுமையாக உண்டு.