வேதியியற் பெயர்களில் எண்ணுப்பெயர் முன்னொட்டு

கொங்கு நாட்டு உழவர் 'டி.ஏ.பி.' என வழங்கும் உரத்தின் முதலெழுத்து, 'டை' என்னும் முன்னொட்டின் குறுக்கமாகும். இரண்டு என்னும் பொருளுடைய இக்கிரேக்க ஒட்டு, அவ்வுரத்தில் பாஸ்பேட்டு ஒன்றுக்கு அம்மோனியம் இரண்டு உள்ளமையைச் சுட்டும். ஆயினும், அதில் ஓர் எண் மறைந்திருத்தல் தமிழ் மட்டும் அறிந்தார்க்குப் புலனாவதில்லை. இத்தகைய முன்னொட்டுகளை ஒலிபெயர்த்து ஆளுதல் தகுமா என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

லவாய்சியர் முதலிய பிரெஞ்சு அறிஞர் நால்வர் 1787இல் புதியதொரு பெயரீட்டு முறையை வெளியிட்டனர். சேர்மத்தின் பெயர் அதன் உறுப்புகளை உணர்த்தல் வேண்டும் என்பது அம்முறையின் அடிப்படை. பின்னர் டால்ட்டனின் அணுக்கொள்கை வேரூன்றவே, உறுப்புகளின் அளவையும் பெயரிலேயே சுட்டும் வழக்கு வலுப்பெற்றது.

தமிழில் கலைச்சொல்லாக்கத்திற்குக் கொங்கு நாடு ஆற்றிய தொண்டு பெரிது. இராசகோபாலாச்சாரியாரும் வெங்கடசுப்பையரும் 1916இல் சேலத்தில் அறிவியற் சொற்களுக்கெனச் சங்கம் கண்டனர். கோவையில் ஜி. ஆர். தாமோதரன் 'கலைக்கதிர்' இதழைத் தோற்றுவித்தார். பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'கலைக்களஞ்சியம்' 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. எனினும், கலைச்சொல் பற்றிய வாதம் பெரும்பாலும் 'ஆக்சிசனா, உயிர்வளியா' என்னும் அளவிலேயே நிற்கின்றது. முன்னொட்டு உரிய கவனம் பெற்றிலது.

தனிமத்தின் பெயர் ஒரு பொருளுக்கு இட்ட பெயர். அதனைக் கடனாகக் கொள்ளலாம். எண்ணோ மொழியின் இலக்கணத்தோடு ஒன்றியது. எண்ணுப்பெயர்ப் புணர்ச்சியைத் தொல்காப்பியம் குற்றியலுகரப் புணரியலில் விரித்துரைக்கின்றது. அந்நெறி பற்றி ஓராக்சைடு, ஈராக்சைடு, மூவாக்சைடு எனவும், இருகுளோரைடு, முக்குளோரைடு எனவும் இடர்ப்பாடின்றிச் சொற்கள் அமைகின்றன. ஈழத்தார் 'காபனீரொட்சைட்டு' என்றே எழுதிப் பயில்கின்றனர். தமிழகத்துப் பாடநூல்களில் 'கார்பன் டை ஆக்சைடு' என்பதே பெருவழக்கு. தமிழெழுத்தில் 'டை' என எழுதின், அது கழுத்தில் அணிவதையும் குறிக்கும். திருப்பூரிற் சாயத்தையும் குறிக்கும். இரண்டென்னும் எண்ணை மட்டும் தானே உணர்த்தாது.

உலகப் பொதுமை கெடும் என்பார் உளர். உலகிற்குப் பொதுவாவது குறியீடும் வாய்பாடுமே. பெயரின் ஒலி மொழிதோறும் வேறுபடுதல் இயல்பாதலின், அத்தடை வலியுடைத்தன்று.

எனினும், முன்னொட்டைக் கண்டவிடமெல்லாம் மொழிபெயர்த்தலும் பிழையாம். ஆப்பச் சோடாவின் பழம்பெயராகிய சோடியம் பைகார்பனேட்டு இதற்குச் சான்று. 'பை' என்னும் இலத்தீன் ஒட்டும் இரண்டையே குறிக்கும். 1814இல் வொல்லாஸ்டன் 'பைகார்பனேட்டு' என்னும் பெயரை அமைத்தார். சலவைச் சோடாவோடு ஒப்பிட, ஒரே அளவு சோடியத்திற்குக் கார்பனேட்டு இருமடங்காதல் பற்றியே அப்பெயர் எழுந்தது. அதன் வாய்பாட்டிலோ கார்பனேட்டு ஒன்றே உண்டு. உடனிருப்பன ஒரு சோடியமும் ஒரு ஐட்ரசனும் ஆம். இதனை 'இருகார்பனேட்டு' எனப் பெயர்த்தால், மாணவன் இல்லாத இரண்டை எண்ணுவான். சோடியம் ஐட்ரசன் கார்பனேட்டு என்னும் இக்காலப் பெயரே உண்மையை உரைப்பது.

ஆகவே, முன்னொட்டு வாய்பாட்டிலுள்ள எண்ணிக்கையைச் சுட்டுமிடத்துத் தமிழ் எண்ணையும், பழைய விகிதத்தைச் சுட்டுமிடத்து இற்றைப் பெயரையும் ஆளுதலே நேரிது. பெயரைக் கேட்ட மாணவன் வாய்பாட்டைத் தானே எழுத வல்லனாதல் வேண்டும். கலைச்சொல்லின் தகுதியை அளக்கும் கோல் அதுவே என்பது எம் துணிபு.