மறந்துவிட்ட எதிரி

பழிவாங்குவதைத் தமிழில் நாம் 'கணக்குத் தீர்ப்பது' என்றும் சொல்கிறோம். நான் வங்கியில் குமாஸ்தா. நாள் முடிவில் கேஷ் டேலி ஆகாமல் எழுந்து வீட்டுக்குப் போக முடியாது. அதனாலோ என்னவோ, இந்த வார்த்தையின் மேல் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. ஒரு சாவுக்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சாவை எழுதிவிட்டால் கணக்கு நேராகிவிடுமா? இதைக் கறாராகக் கேட்ட சில படங்களைப் பற்றி எழுத நினைக்கிறேன். கௌபாய் படங்கள்தான். சிறுபத்திரிகையில் இதற்கென்ன வேலை என்று கேட்கிற நண்பர்கள், நல்ல சினிமா என்பது ஐரோப்பாவிலிருந்து மட்டும் வருவது என்று இன்னும் நம்பிக்கொண்டிருப்பவர்கள்.

1956க்கும் 1960க்கும் இடையில் பட் பெட்டிகர் இயக்கத்தில் ராண்டால்ஃப் ஸ்காட் ஏழு படங்களில் நடித்தார். எல்லாம் சிறிய படங்கள். எதுவும் 80 நிமிடத்தைத் தாண்டுவதில்லை. படப்பிடிப்பு பெரும்பாலும் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். பல படங்களுக்கு இடமும் ஒன்றே: கலிபோர்னியாவில் லோன் பைன் என்ற சிற்றூரை அடுத்த பாறைக்குன்றுகள். கதையும் ஏறக்குறைய ஒன்றே. மனைவியை இழந்த ஒருவன் தேடிக்கொண்டு போகிறான். ஒரு பெண்ணும் இரண்டு மூன்று அயோக்கியர்களும் வழியில் சேர்ந்துகொள்கிறார்கள். ஸ்காட்டுக்கு அப்போது அறுபதை ஒட்டிய வயது. இவற்றில் நான்கிற்குத் திரைக்கதை பர்ட் கென்னடி. முதல் படமான 'செவன் மென் ஃப்ரம் நௌ' பற்றி 1957இல் 'காயே து சினிமா'வில் எழுதிய ஆந்த்ரே பஸான், முன்மாதிரியான வெஸ்டர்ன் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்.

என் வாதத்துக்கு ஆதாரம் 'ரைட் லோன்சம்' (1959). தலைக்கு விலை வைக்கப்பட்டவர்களைப் பிடித்துக் கொடுக்கும் பென் பிரிகேட், பில்லி ஜான் என்ற கொலைகாரப் பையனைப் பிடித்து சாந்தா குரூஸுக்குக் கொண்டு போகிறான். பையனின் அண்ணன் ஃபிராங்க் பின்தொடர்கிறான். பிரிகேட் அவசரப்படுவதில்லை, வெட்டவெளியில், யாரும் பார்க்கும்படி போகிறான். அவனுக்குப் பையனும் வேண்டாம், பணமும் வேண்டாம். அண்ணன் வரவேண்டும். முன்பு பிரிகேட் ஷெரீஃபாக இருந்தவன். அவன்மேல் இருந்த ஆத்திரத்தில் ஃபிராங்க் அவன் மனைவியை ஒரு மரத்தில் தூக்கிலிட்டவன். இது நமக்கு வெகுநேரம் கழித்து, சில வாக்கியங்களில் மட்டுமே சொல்லப்படுகிறது.

ஃபிராங்காக வருபவர் லீ வான் கிளீஃப். பிரிகேட் ஏன் இப்படி நிதானமாகப் போகிறான் என்று தன் ஆட்களோடு யோசிக்கும்போது அவனுக்குப் புரிகிறது. எப்போதோ அவனுக்கு ஒரு தீங்கு செய்தேன், கிட்டத்தட்ட மறந்தே போயிற்று என்கிற பொருளில் ஏதோ சொல்கிறான். அவ்வளவுதான். குரலில் வன்மமோ பெருமையோ இல்லை. ஒருவனுடைய ஆயுளையே விழுங்கிவிட்ட சம்பவம், செய்தவனுக்கு ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டிய ஒன்றாக இருக்கிறது. பேரேடு ஒருவனிடம் மட்டும்தான் இருக்கிறது. இதைவிடக் கொடூரமான ஒரு விஷயத்தை வெஸ்டர்ன் படங்களில் நான் பார்த்ததில்லை.

செர்ஜியோ லியோனியின் 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்' (1968) படத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கும் எதிரியின் பெயர் ஃபிராங்க்தான். அவன் சாகும் நேரத்தில் அவன் வாயில் மவுத் ஆர்கனைத் திணித்து, தான் யார் என்று கதாநாயகன் நினைவூட்டுகிறான். பழைய சம்பவம் திரை முழுக்க விரிகிறது. எதிரிக்கு நினைவு வந்துவிடுகிறது, சாகிறான். கணக்கு டேலி. லியோனி பெரிய கலைஞர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்த இடத்தில் அவர் நமக்கு ஓர் ஆறுதல் தருகிறார். பெட்டிகர் அதைத் தர மறுக்கிறார். அவருடைய ஃபிராங்க் சட்டென்று செத்துவிடுகிறான். அதன்பின் பிரிகேட் பையனை பூன் என்ற அயோக்கியனிடம் விட்டுவிடுகிறான். பையனை ஒப்படைத்தால் பூனுக்குப் பழைய குற்றங்களுக்கெல்லாம் மன்னிப்பு உண்டு. பூனுக்குப் புது வாழ்க்கை கிடைக்கிறது. பழிவாங்கியவனுக்கு ஒரு மரம் மிஞ்சுகிறது. அதற்குத் தீ வைத்துவிட்டு அதன் எதிரே நிற்கிறான். படம் முடிந்துவிடுகிறது.

இந்தப் படங்கள் மலிவானவை என்பது குறையல்ல என்று சொல்லிவிடுவது எளிது. நான் இன்னும் ஒரு படி மேலே போகிறேன். மலிவு இவற்றின் உண்மைக்கே காரணம். பணமுள்ள படத்தில் ஊர் இருக்கும், கூட்டம் இருக்கும். தனிமனிதனின் பழி அந்தக் கூட்டத்தின் பார்வையில் நியாயமாக மாறும். இங்கே கூட்டத்துக்குக் காசில்லை, பாறைதான் இருக்கிறது. பாறை சாட்சி சொல்லாது. 'செவன் மென் ஃப்ரம் நௌ'வின் இறுதிச் சண்டையில் கதாநாயகன் ஸ்ட்ரைட் துப்பாக்கியை உருவுவதைக்கூடப் பெட்டிகர் காட்டுவதில்லை. லீ மார்வினின் திகைத்த முகத்தைத்தான் பார்க்கிறோம். வெற்றியைப் பார்க்கும் சந்தோஷமும் நமக்கு இல்லை. அது மட்டுமல்ல, ஸ்ட்ரைட் தேர்தலில் தோற்றபின் கீழ்நிலை வேலையை ஏற்கக் கௌரவம் பார்த்ததால்தான் அவன் மனைவி வேலைக்குப் போனாள். போன இடத்தில் கொள்ளையில் செத்தாள். பற்றுப் பக்கத்தில் அவன் பெயரும் இருக்கிறது.

ஊர் இருக்கிற 'டெசிஷன் அட் சன்டவுன்' (1957) இதை வேறு திசையிலிருந்து உறுதிப்படுத்துகிறது. மனைவியின் தற்கொலைக்குக் காரணமானவன் என்று ஒருவனைக் கொல்ல வருகிறான் பார்ட் ஆலிசன். அவள் அவன் நினைத்த மாதிரிப் பெண்ணல்ல என்பது நண்பனுக்குத் தெரியும். சொல்ல முயன்ற அந்த நண்பன் செத்துப்போகிறான். எதிரி உயிரோடு ஊரைவிட்டுப் போகிறான். கொடியவனிடமிருந்து விடுதலை கிடைத்தது என்று ஊர் ஆலிசனைக் கொண்டாட வருகிறது. அவன் குடித்துவிட்டு அவர்களை ஏசுகிறான். ஊருக்கு லாபம், அவனிடம் ஒன்றுமில்லை.

ஆனால் இந்தக் கறார் ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. 'ரைட் லோன்சம்' படத்தில் மெஸ்கலெரோக்கள் ஒரு குதிரையைக் கொடுத்துப் பெண்ணைக் கேட்கிறார்கள். அது அவள் கணவனின் குதிரை. பயங்கரமான காட்சி. ஆனால் அவர்களில் ஒருவனுக்கும் நமக்கு நினைவிருக்கும்படி பெயரில்லை. அந்தப் பாறைகளுக்கிடையில் அவர்களுடைய செத்தவர்களும் உண்டு. அந்தக் கணக்கு எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. மறப்பதன் கொடுமையைச் சொன்ன படங்களே இதை மறந்திருக்கின்றன. பெட்டிகர்மேல் எனக்குள்ள மதிப்பு இதைச் சொல்வதால் குறையவில்லை. சொல்லாமல் விட்டால் அந்த மதிப்புக்கு அர்த்தமில்லை.

நாம் பாறைவெளியில் துப்பாக்கியோடு திரிபவர்களல்ல. ஆனால் சிறுபத்திரிகைக்காரர்களுக்கும் பேரேடு உண்டு. எட்டு வருஷத்துக்கு முன் என் கவிதைகளைப் பற்றி ஒருவர் இரண்டு வரி எழுதினார். அந்த இரண்டு வரிக்குப் பதிலாக நான் மனத்துக்குள் எழுதிய கட்டுரைகள் ஒரு தொகுதிக்குக் காணும். சென்ற வருஷம் ஒரு கூட்டத்தில் அவரைச் சந்தித்தேன். அன்பாகத்தான் பேசினார். நீங்கள் கவிதைகூட எழுதுவீர்களா என்று கேட்டார். அன்றிரவு 'ரைட் லோன்சம்' படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். மரம் எரிந்துகொண்டிருந்தபோது, முன்பு பார்த்தபோதெல்லாம் கேட்காத ஒரு கேள்வி எழுந்தது: இதைக் கொளுத்த ஃபிராங்க் சாகும்வரை இவன் ஏன் காத்திருந்தான்?