ஓட்டமும் ‘ஒடு’ உருபும்

ஒரு செய்தியை எவ்வளவு உண்மையாகச் சொன்னாலும், அதனைச் சொல்லும் வாக்கியத்தில் ஒரு வேற்றுமை உருபு இடம் மாறிவிடுமாயின், செய்தியின் உயிரும் இடம் மாறிவிடும். இலக்கணம் பள்ளிப் பிள்ளைகளுக்கு உரியது, இலக்கியமே பெரியவர்களுக்கு உரியது என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். அமெரிக்க நாட்டைச் சேர்ந்த டிக் ஹோய்ட், ரிக் ஹோய்ட் என்னும் தந்தை, மகன் ஆகிய இருவரைப் பற்றி எழுதப்பட்டவற்றை ஊன்றிப் படிப்போர் அவ்வெண்ணத்தை மாற்றிக்கொள்ளவே செய்வர்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். ரிக் 1962ஆம் ஆண்டு பிறந்தவர். பிறப்பின்போது கொப்பூழ்க்கொடி கழுத்தைச் சுற்றிக்கொண்டதால் மூளைக்கு உயிர்வளி தடைப்பட்டது. கைகால்கள் அவர்தம் ஏவலுக்குப் பணியவில்லை, நாவும் பணியவில்லை. குழந்தையை ஒரு காப்பகத்தில் சேர்த்துவிடுமாறு மருத்துவர்கள் அறிவுறுத்தினர். டிக், ஜூடி என்னும் பெற்றோர் இருவரும் அதற்கு இசையவில்லை. 1977ஆம் ஆண்டு, மகனுக்குப் பதினைந்து வயதானபோது, அவரைச் சக்கர நாற்காலியில் அமர்த்தித் தள்ளியவாறு தந்தை ஐந்து மைல் ஓட்டமொன்றில் கலந்துகொண்டார். அங்குத் தொடங்கிய ஓட்டம் 1100க்கும் மேற்பட்ட போட்டிகளாக விரிந்தது. அவற்றுள் 42 கிலோமீட்டருக்கும் மிகுந்த தொலைவுடைய மாரத்தான் ஓட்டங்கள் மட்டுமே 70க்கு மேல். பாஸ்டன் நகரின் புகழ்பெற்ற மாரத்தானில் மட்டும் 32 முறை இருவரும் ஓடினர். 1992ஆம் ஆண்டு ஒரு மாரத்தானை ஏறத்தாழ 2 மணி 40 நிமிடத்தில் முடித்தனர். வெறுங்கையோடு ஓடுவோருள்ளும் மிகச் சிலரே எட்டக்கூடிய வேகம் அது.

இவ்வரலாற்றை உலகெங்கும் பரப்பிய எழுத்துகள் பல. அவற்றுள் இரண்டை ஈண்டு எடுத்துக்கொள்வோம். ஒன்று, 2005ஆம் ஆண்டு ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ என்னும் விளையாட்டு இதழில் ரைலி என்பார் எழுதிய கட்டுரை. ‘உலகிலேயே வலிமை மிக்க தந்தை’ என்பது அதன் தலைப்பின் பொருள். மற்றொன்று, 2010ஆம் ஆண்டு தந்தையின் குரலிலேயே வெளிவந்த நூல். ஒரு தந்தை தம் மகன்மீது கொண்ட அன்பின் கதை என்று அதன் துணைத்தலைப்பு அறிவிக்கின்றது. இரு தலைப்புகளையும் நம் இலக்கணத்தால் அளந்து பாருங்கள். இரண்டிலும் தந்தையே எழுவாய். மகன் ஒன்றில் இல்லவே இல்லை. மற்றொன்றில் அன்பைப் பெற்றுக்கொள்பவராக மட்டும் நிற்கின்றார்.

இக்கதையை எவரிடம் சொல்லச் சொன்னாலும் ‘தந்தை மகனைத் தள்ளிக்கொண்டு ஓடினார்’ என்றே தொடங்குவார். மகனுக்கு ‘ஐ’ உருபு சேர்ந்தது, அவர் செயப்படுபொருளானார். தமிழில் வேறு வழியும் உண்டு. மூன்றாம் வேற்றுமையின் ‘ஒடு’ உருபு உடனிகழ்ச்சிப் பொருளைத் தருவது. ‘தந்தையொடு மகன் ஓடினார்’ என்றால் ஓட்டம் இருவர்க்கும் உரியதாகின்றது. இங்கே தொல்காப்பியர் ஒரு நுட்பம் காட்டுவார். இருவர் ஒரே வினையைச் செய்யுமிடத்து, அவருள் உயர்ந்தவரைச் சார்ந்தே ஒடு வரும் என்பது அவர்தம் விதி. அரசரொடு சேவகர் வந்தார் என்பதே மரபு. சேவகரொடு அரசர் வந்தார் என்பது அன்று. ஆகவே ‘தந்தையொடு மகன் ஓடினார்’ என்பதற்கும், ‘மகனொடு தந்தை ஓடினார்’ என்பதற்கும் இடையே மலையளவு தூரம் உண்டு.

அரபு நஹ்வு பயின்றோர் இதே வினாவை வேறொரு வாயிலால் அறிவர். ‘ரகளல் அபு வப்னுஹு’ என்று ளம்மு இட்டு ஓதினால், தந்தையும் மகனும் ஓடினர் என்பது பொருள். இருவரும் ஃபாஇல், இருவரும் செய்தவர். ‘வப்னஹு’ என்று ஃபத்ஹு இட்டு ஓதினால், தந்தை ஓடினார், மகன் உடனிருந்தார் என்பது பொருள். மகன் மஃப்ஊல் மஅஹு ஆகிவிடுகின்றார். நைல் நதியுடன் நடந்தேன் என்று ஒருவர் சொல்லும்போது, நதி நடப்பதில்லை. நடப்பவருக்குப் பக்கத்தில் இருக்கின்றது. அத்தகைய உடனிருப்பே அது. எழுத்து மாறவில்லை, எழுத்தின் மேலுள்ள ஒரு சிறு குறி மாறியது. அக்குறியில் ஒரு மனிதரின் இடம் மாறிவிட்டது.

எனில் ரிக் ஹோய்ட்டுக்கு உரிய குறி யாது? எழுதியவர்களின் விருப்பத்தைக் கேளாமல் நிகழ்ச்சிகளையே கேட்போம்.

பேச இயலாத அவருக்காக டஃப்ட்ஸ் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் 1972ஆம் ஆண்டு ஒரு கணினியைச் செய்தளித்தனர். திரையில் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிரும். வேண்டிய எழுத்து வருங்கால் தலையசைத்து ஒரு விசையைத் தட்டவேண்டும். அவர் முதலில் ‘அம்மா’ என்பாரா, ‘அப்பா’ என்பாரா என்று வீட்டார் ஆவலுடன் காத்திருந்தனர். அவர் இரண்டையும் சொல்லவில்லை. பாஸ்டன் நகரின் பனிக்கட்டி ஹாக்கி அணியான புரூயின்ஸின் பெயரைத் தட்டி, முன்னேறுக என்று வாழ்த்தினார்! அவ்வணி அப்போது இறுதிச்சுற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஆக, தந்தை ஓட்டக்காரராவதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே மகன் விளையாட்டை நேசிப்பவராய் இருந்தார். விளையாட்டு தந்தை மகனுக்கு வழங்கிய கொடை அன்று. மகன் தந்தைக்குக் காட்டிய துறை.

1977ஆம் ஆண்டின் முதல் ஓட்டமும் அவ்வாறே. விபத்தில் உடல் செயலிழந்த ஒரு கல்லூரி விளையாட்டு வீரருக்கு நிதி திரட்டவே அது நடத்தப்பட்டது. அதில் கலந்துகொள்ள வேண்டும் என்று கேட்டவர் மகன். தம்மைப்போல் முடங்கிய ஒருவருக்குத் தாமும் ஏதேனும் செய்யவேண்டும் என்பது அவர் எண்ணம். உதவி பெறுவதற்கென்றே பிறந்தவர் என உலகம் கருதிய ஒருவர், உதவி செய்வதற்கு வழி தேடினார். அப்போது ஓட்டப் பயிற்சி ஏதுமில்லாதிருந்த தந்தை இணங்கினார். இருவரும் கடைசிக்கு முந்தியவராய் வந்து சேர்ந்தனர். ஓடும்போது தம் உடற்குறையே இல்லாததுபோல் உணர்வதாக அன்றிரவு மகன் எழுத்தெழுத்தாகத் தட்டிச் சொன்னார். தந்தையை மறுபடியும் ஓடச் செய்தது அவ்வாக்கியமே.

அடுத்து ஒரு சிறு செய்தி. சொல்வோர் பலரும் இதனைத் தந்தையின் உழைப்புக்குச் சான்றாகவே சொல்லிச் செல்வர். மகன் பள்ளியிலும் படிப்பிலும் இருந்த வேளைகளில், தந்தை நாற்காலியில் ஒரு சிமென்ட் மூட்டையை வைத்துத் தள்ளிப் பயிற்சி செய்தார். அவர் கால்களுக்கு அதுவும் சுமை, இதுவும் சுமை. ஆயினும் சிமென்ட் மூட்டையோடு ஓடிய நாள்களை எவரும் போட்டி எனக் கணக்கிடுவதில்லை. மூட்டை போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை; எதிர்க்காற்றில் முகம் மலரவில்லை; எல்லைக்கோட்டை நெருங்குகையில் மகிழ்ந்து கூவவும் இல்லை. ‘ஐ’ உருபுக்கு உரியது அந்த மூட்டையே. மகனுக்கும் அதே உருபைக் கொடுப்போமாயின், அவருக்கும் மூட்டைக்கும் வேறுபாடு காண மறுக்கின்றோம் என்பதே பொருள்.

பாஸ்டன் மாரத்தானை நடத்தியவர்கள் தொடக்கத்தில் இவ்விருவரையும் ஏற்கவில்லை. தம் கையாலேயே சக்கரம் உருட்டுவோர் பிரிவிலும் இவர்கள் அடங்கவில்லை. தனித்து ஓடுவோர் பிரிவிலும் அடங்கவில்லை. பின்னர், தகுதிக்கான கால அளவை எட்டினால் சேர்க்கலாம் என்றனர். அதுவும் நாற்பதைக் கடந்த தந்தையின் வயதுக்குரிய அளவு அன்று. இருபதுகளில் இருந்த மகனின் வயதுக்குரிய கடுமையான அளவு. இருவரும் வாஷிங்டன் நகரில் நடந்த மாரத்தானில் அவ்வளவையும் வென்று காட்டினர். இந்நிபந்தனையைக் கொடுமை என்று பலர் கண்டித்திருக்கின்றனர், கண்டிக்கத்தக்கதே. ஆனால் அக்கொடுமையினுள்ளே ஓர் உண்மை ஒளிந்திருக்கின்றது. ஓடுபவர் மகனே என்று முதன்முதலில் ஏட்டில் எழுதியவர்கள், பாராட்டி எழுதிய எழுத்தாளர்கள் அல்லர்; தடுத்து நிறுத்திய அலுவலர்கள்!

இவ்விடத்தே ஒரு மறுப்பு எழுதல் இயல்பு. கால்கள் தந்தையுடையவை; வியர்வை அவருடையது; ஹவாய்த் தீவில் 1999ஆம் ஆண்டு நடந்த மும்முனைப் போட்டியில் மகன் இருந்த படகைக் கயிற்றால் உடலில் பிணைத்து ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் கடலில் நீந்தியவரும் அவரே; அவரைப் புகழ்ந்தால் என்ன பிழை என்று கேட்கலாம். புகழ்வது பிழையன்று. எதற்காகப் புகழ்கின்றோம் என்பதே வினா. வலிமை பலரிடமும் உண்டு. பேசாத மகனிடமிருந்து எழுத்தெழுத்தாக வரும் ஒரு வேண்டுகோளுக்குப் பொறுமையோடு காத்திருந்து, கேட்டு, அதன்வழி நாற்பதாண்டுக்கு அருகான வாழ்வை அமைத்துக்கொண்டதே டிக் ஹோய்ட்டின் பெருமை. தோளைப் புகழ்ந்து செவியை மறந்த புகழ்ச்சி, அவருக்கும் நீதி செய்யவில்லை.

சக்கர நாற்காலியில் வாழ்ந்த ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் ஸ்டெல்லா யங் 2014ஆம் ஆண்டு ஓர் உரையில் இதனைக் கூர்மையாக இடித்துரைத்தார். உடற்குறையுடையோரைப் பிறருக்கு ஊக்கமூட்டும் காட்சிப்பொருளாக்குவதை அவர் வெறுத்தார். நம் வாழ்வு எவ்வளவோ மேல் என்று பார்ப்பவர் ஆறுதல் கொள்வதற்காக மற்றொருவர் வாழவில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். ரைலியின் கட்டுரை, தாம் எத்தகைய தந்தை என்ற ஒப்பீட்டோடு தொடங்குகின்றது. வாசகரும் அவ்வொப்பீட்டில் மூழ்கிக் கண்ணீர் சிந்துகின்றார். அக்கண்ணீரில் மகன் கரைந்துபோகின்றார். எனினும் ரைலி நேர்மையான எழுத்தாளர். 2003ஆம் ஆண்டு தந்தைக்கு நேர்ந்த மாரடைப்பையும், ஓட்டத்தால் உரம் பெற்ற உடலே அவரைக் காத்தது என்ற மருத்துவர் கருத்தையும் அவர் மறைக்கவில்லை. தலைப்பு ஒன்று சொல்ல, உள்ளே உண்மை வேறொன்று சொல்கின்றது.

இரு எழுவாய்களைப் பற்றிய இவ்வழக்கில் மூன்றாமவர் ஒருவர் தலைப்புக்கே வராமல் போனார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைத் தடவச் செய்து மகனுக்கு அரிச்சுவடி கற்பித்தவர் தாய் ஜூடி. வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளின்மீதும் அதன் பெயரை எழுதி ஒட்டிவைத்தவரும் அவரே. பேச இயலாத பிள்ளைக்குப் பொதுப்பள்ளியில் இடமில்லை என்றபோது போராடி, 1975ஆம் ஆண்டு இடம் பெற்றுத்தந்ததில் அவர் பங்கு பெரிது. அவ்வெழுத்துகள் இல்லையேல் 1977ஆம் ஆண்டின் வேண்டுகோளும் இல்லை. 1993ஆம் ஆண்டு பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் மகன் பெற்ற பட்டமும் இல்லை.

இக்கதையால் தூண்டப்பெற்று நில்ஸ் தவெர்னியே என்னும் பிரெஞ்சு இயக்குநர் எடுத்த திரைப்படம் 2013ஆம் ஆண்டில் திரையிடப்பட்டது. ‘எங்கள் வலிமை அனைத்தும் கொண்டு’ என்பது அதன் பெயரின் பொருள். ‘எங்கள்’ என்னும் பன்மையைக் கவனியுங்கள். அதில் போட்டிக்குத் தந்தையை இழுப்பவன் மகன். அம்மகனாக நடித்த இளைஞரும் அதே உடற்குறையுடன் பிறந்தவர். கற்பனைக் கதை, மெய்வரலாற்று நூல்களைக் காட்டிலும் மெய்யான இலக்கணத்தை எட்டியிருக்கின்றது.

இறுதிச் சான்றைக் காலமே தந்தது. 2013ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்ததால் இருவரும் இடைவழியில் நிறுத்தப்பட்டனர். மறு ஆண்டு, 73 வயதில், தந்தை அவ்வோட்டத்தை மகனொடு முடித்து விடைபெற்றார். மகன் விடைபெறவில்லை. 2015ஆம் ஆண்டு முதல் நண்பரான ஒரு பல்மருத்துவர் நாற்காலியைத் தள்ள, அவர் தொடர்ந்து பாஸ்டனில் ஓடினார். தள்ளியவர் மாறினார், ஓடியவர் மாறவில்லை. தந்தை 2021ஆம் ஆண்டிலும், மகன் 2023ஆம் ஆண்டிலும் மறைந்தனர்.

தந்தைக்கு என்ன செய்ய விரும்புகின்றீர் என்று வினவியபோது, ஒருமுறையேனும் அவரை நாற்காலியில் அமர்த்தித் தாம் தள்ளவேண்டும் என்று ரிக் விடை கூறினார். ரைலியின் கட்டுரை அவ்விடையோடுதான் முடிகின்றது. அது நிறைவேறாத ஆசை என்று வாசகர் கலங்குகின்றனர். எழுதப் படிக்கத் தெரிந்த நாம் சற்றே நிதானித்துப் பார்த்தால், 1977ஆம் ஆண்டு முதல் அத்தந்தையை முன்னோக்கித் தள்ளிக்கொண்டிருந்தவர் யார் என்பது விளங்கும்.

இக்கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல விழைவோர் இனி ‘மகனைத் தள்ளிக்கொண்டு’ என்று தொடங்கற்க. ‘மகனொடு தந்தை ஓடினார்’ என்று தொடங்குக. ஒடு, உயர்ந்தவரைச் சார்ந்து வரும் உருபு. இக்கதையில் அவ்வுயர்வு மகனுக்கு உரியது என்பதைத் தந்தையே முதலில் ஒப்புக்கொண்டிருப்பார்.