சுதந்தரவாளி யார்? பெரியோர் வேதபாட வகுப்பில் ரூத் நூல்

தோட்டப் பள்ளியின் ஆறாண்டுப் படிப்போடு நின்றுவிட்ட ஒருவர், ஐம்பது வயதில் தமிழ் உரைநடையை வாய்விட்டுப் படிக்கும் இடம் எது என்று கூலிம் வட்டாரத்தில் வினவினால், தேவாலயத்தின் பெரியோர் வேதபாட வகுப்பையே சுட்டுதல் வேண்டும். கோயிலில் நாம் தேவாரம் பாடுகிறோம், சொற்பொழிவு கேட்கிறோம். ஆயின் ஒரு நூலைக் கையில் விரித்து, ஆளுக்கொரு பகுதியாகப் படித்து, பொருள் வினவும் வழக்கம் நம்மிடம் அருகிவிட்டது. கிறிஸ்தவ அன்பர்கள் அதனை விடாமல் வைத்திருக்கின்றனர். சமயம் எதுவாயினும் தமிழாசிரியர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது. ஈண்டு யான் கூறப் புகுவது சமயவாதம் அன்று. நூல் ஒன்றைப் படிக்கும் முறை பற்றிய ஆராய்ச்சியே.

மலேசியாவின் முதல் உயர்தொழில்நுட்பப் பூங்கா கூலிமில் 1996-இல் திறக்கப்பட்டபின் இவ்வட்டாரத்து வாழ்க்கை மாறிற்று. பால்மரக் காடும் செம்பனையும் சுருங்கின. லயத்தில் அடுத்தடுத்து இருந்தோர் லூனாஸ், பாடாங் செராய்ப் பக்கத்துத் தாமான்களில் பிரிந்து வாழ்கின்றனர். வகுப்புக்கு வருவோருள் பால்வெட்டி ஓய்ந்த முதியோரும் உண்டு. இரவு வேலை முடித்துக் கண் சிவக்க வந்து அமரும் தொழிற்சாலைப் பெண்களும் உண்டு. பழைய சொற்களுக்குப் பொருள் கூற அழைத்தமையால் இத்தகைய வகுப்பொன்றில் சில காலமாக நானும் அமர்ந்து வருகிறேன். அவர்கள் ஆர்வத்தில் குறை காண்பதற்கில்லை. குறை படிக்கும் முறையில் உள்ளது.

முறை இதுதான்: ஒரு வசனம் படிக்கப்படுகிறது, அதைப்பற்றி நால்வர் பேசுகின்றனர், அடுத்த வசனத்துக்குச் செல்கின்றனர். மணி அடிக்கும்போது எட்டு வசனம் முடிந்திருக்கும். அடுத்த வாரம் ஒன்பதாம் வசனம். இவ்வாறு படித்தால் வசனம் மனத்தில் நிற்கும், நூல் நில்லாது. வசன எண்கள் நூலாசிரியர் இட்டவை அல்ல. அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் செய்தது என்பர். புதிய ஏற்பாட்டின் வசன எண்களை 1551-இல் இராபர்ட் எஸ்தியேன் என்னும் அச்சகத்தார் பதித்தார். தேடிக் கண்டுபிடிப்பதற்கு இட்ட எண்ணை, நிறுத்திப் படிப்பதற்கு இட்டதாகக் கொண்டுவிட்டோம். யாழ்ப்பாணத்துப் புராணபடனத்தை நினைத்துப் பார்க்க. ஒருவர் படிக்க மற்றொருவர் பயன் சொல்வார். கந்தபுராணத்தைத் தொடங்கினால் நாள்தோறும் தொடர்ந்து நிறைவு வரை செல்வர். அங்கும் பாட்டுப் பாட்டாகத்தான் பொருள் உரைக்கப்படுகிறது. எனினும் கேட்போர் கதையின் ஓட்டத்தை இழப்பதில்லை.

முழு நூலாகப் படிப்பதற்கு ரூத்தைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை. 4 அதிகாரம், 85 வசனம். நிதானமாக வாய்விட்டுப் படித்தாலும் அரைமணிக்குள் முடியும். பாதிக்கு மேல் உரையாடல் ஆதலின் குரல் பிரித்துப் படிக்கலாம். தமிழ் வரலாற்றிலும் இந்நூலுக்கு ஓர் இடம் உண்டு. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றியபின் பழைய ஏற்பாட்டைத் தொடங்கினார். 1719-இல் அவர் மறைந்தபோது மொழிபெயர்ப்பு ரூத் வரை வந்திருந்தது. எஞ்சியவற்றை சூல்ட்சே முடித்தார்.

கதை யாவரும் அறிந்ததே. பெத்லெகேமில் பஞ்சம். எலிமெலேக்கு மனைவி நகோமியோடும் இரு மக்களோடும் மோவாப் நாட்டுக்குப் போகிறான். அங்கே ஆண்கள் மூவரும் மாள்கின்றனர். நகோமி திரும்புகிறாள், மோவாபியளாகிய மருமகள் ரூத் அவளை விடாது உடன் வருகிறாள், வாற்கோதுமை அறுப்பில் கதிர் பொறுக்குகிறாள், உறவினனாகிய போவாஸ் அவளை மணக்கிறான். ஊர் திரும்பிய நகோமி தான் நிறைவாய்ப் போய் வெறுமையாய் வந்ததாகப் பெண்களிடம் புலம்புவது முதல் அதிகாரத்தில். மாமியாரிடம் வெறுமையாய்ப் போகவேண்டாம் என்று சொல்லி ரூத்தின் போர்வையில் போவாஸ் ஆறுபடி வாற்கோதுமை அளந்து போடுவது மூன்றாம் அதிகாரத்தில். எபிரெயத்தில் இரண்டிடத்தும் ஒரே சொல். நகோமி அழுததைப் போவாஸ் கேட்கவில்லை. ஆனால் அவன் விடையளிக்கிறான். நம் பழைய மொழிபெயர்ப்பு இரண்டிடத்தும் வெறுமை என்னும் சொல்லையே காத்திருக்கிறது. ஆயினும் இரண்டுக்கும் இடையே ஐந்து வாரம் கழிந்துவிடும் வகுப்பில் இது யார் காதில் விழும்?

சீர்திருத்தச் சபையாருள் பெரும்பாலோர் கையிலிருக்கும் அப்பழைய மொழிபெயர்ப்பு, ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871-இல் முழுமை பெற்ற ஐக்கிய மொழிபெயர்ப்பின் வழிவந்தது. வகுப்பினரைத் திகைக்க வைத்த சொல் அதில்தான் உள்ளது. நகோமி போவாஸைச் சுதந்தரவாளிகளுள் ஒருவன் என்கிறாள். களத்தில் நள்ளிரவில் ரூத்தும் அவனை அவ்வாறே அழைக்கிறாள். சுதந்தரவாளி என்றால் விடுதலை வீரரா என்று ஓர் அம்மையார் கேட்டார். கேட்டதில் வியப்பில்லை. 1957-இல் இந்நாடு அடைந்ததும் சுதந்திரம்தான். பள்ளியில் நாம் கற்பிப்பதும் அப்பொருளே. ஆனால் 1871-இல் சுதந்தரம் என்பது வழிவழி வரும் உரிமை, உரிமைப் பங்கு என்னும் பொருளில் வழங்கிற்று. களத்துமேட்டில் விளைச்சலிலிருந்து ஊர்ப்பணி செய்வோருக்கு அளந்து விடும் பங்குக்கும் சுதந்தரம் என்றே பெயர். ஆகவே மொழிபெயர்த்தோர் நாட்டுவழக்கு அறிந்தே அச்சொல்லை எடுத்தனர். பொருள் நகர்ந்தது பின்னர்.

மூலத்தில் உள்ள சொல் கோஏல். உறவினன் வறுமையால் விற்ற நிலத்தை மீட்டு வாங்கவும், அடிமைப்பட்ட உறவினனை விடுவிக்கவும் கடமைப்பட்ட நெருங்கிய இனத்தான் என்பது பொருள். அதன் விதியை லேவியராகமம் 25-இல் காணலாம். இதே சொல் யோபு நூலின் 19-ஆம் அதிகாரத்தில் வரும்போது நம் மொழிபெயர்ப்பு மீட்பர் என்கிறது. ரூத்தில் சுதந்தரவாளி, யோபில் மீட்பர். சொல் ஒன்றே என்று தமிழில் படிப்போர் ஒருகாலும் ஊகித்தறிய இயலாது. இதனை ஆசிரியர் எடுத்துச் சொல்லத்தான் வேண்டும். சொன்ன அன்று வகுப்பில் வெகுநேரம் எவரும் பேசவில்லை. பிறகு எல்லாரும் ஒருங்கே பேசினர்.

பேச்சு நிலத்தின்மேல் சென்றது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டாளிகள் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தைக் கொண்டு அது முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம். அதுவும் கோஏல்தானே என்றார் ஒரு பெரியவர். ஒப்புமை அழகியது; ஆயின் முழுதும் பொருந்தாது. எலிமெலேக்கின் நிலம் முன்பு அவனுடையது. பால்வெட்டியின் காலடியிலிருந்த நிலமோ எந்நாளும் அவனுடையதாக இருந்ததில்லை. மீட்பதற்கு முன்னுரிமை வேண்டும். இவ்வேறுபாட்டை உணர்ந்தபோதுதான் நகோமியின் கதையும் தங்கள் கதையும் தனித்தனியே அவர்களுக்குத் தெளிவாயின.

இதே எச்சரிக்கை கதிர் பொறுக்குவதற்கும் வேண்டும். செம்பனையடியில் உதிர்ந்த பழம் பொறுக்கிய பெண்கள், ரூத்தும் தங்களைப் போலவே கூலிக்குப் பொறுக்கினாள் என்று எண்ணிவிடுகின்றனர். அன்று. அறுப்போர் விட்டுச் சென்ற கதிர், ஏழைக்கும் அந்நியனுக்கும் விதவைக்கும் சட்டம் ஒதுக்கிய பங்கு. லேவியராகமம் 19-ஐயும் உபாகமம் 24-ஐயும் அருகில் வைத்துப் படித்தால் இது விளங்கும். எவர் வயலில், எவர் கண்ணுக்கு அஞ்சிப் பொறுக்குவது என்பதுதான் அவளுடைய இடர். போவாஸ் செய்தது சட்டத்துக்கும் மேற்பட்டது. வேண்டுமென்றே அரிகளிலிருந்து கதிர் உருவிப் போடச் சொல்கிறான். சட்டம் எங்கே முடிகிறது, தயை எங்கே தொடங்குகிறது என்பதைக் காணாதவர்க்கு இரண்டாம் அதிகாரம் வெறும் நல்ல முதலாளி கதையாகிவிடும்.

தயை என்றேன். மூலத்தில் ஹெசெத் என்னும் சொல் மூன்றிடத்தில் வருகிறது. மருமக்களை நகோமி வாழ்த்துமிடம், போவாஸைப் பற்றிக் கேள்வியுற்று மகிழுமிடம், ரூத்தைப் போவாஸ் பாராட்டுமிடம். பழைய மொழிபெயர்ப்பு முதலில் தயை என்றும், அடுத்துத் தயவு என்றும், மூன்றாவதாக நற்குணம் என்றும் கூறுகிறது. முதலிரண்டும் ஓரினம், மூன்றாவது அறுந்துவிட்டது. இறைவனுக்கும் மனிதருக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தியது மூலநூலாசிரியர் துணிவு. தமிழில் அந்தத் துணிவு மறைந்தது. இறைவனுடைய செட்டைகளின்கீழ் அடைக்கலம் புகுந்தாய் என்னும் கருத்துப்பட இரண்டாம் அதிகாரத்தில் போவாஸ் வாழ்த்துகிறான். மூன்றாம் அதிகாரத்தில் அவனுடைய போர்வையை விரிக்குமாறு ரூத் கேட்கிறாள். செட்டை, போர்வை இரண்டும் எபிரெயத்தில் கானாப் என்னும் ஒரே சொல். நீ சொன்ன வாழ்த்தை நீயே நிறைவேற்று என்கிறாள் அவள்! இந்தச் சொல்நயம் தமிழில் இயலாது. இயலாததற்காக மொழிபெயர்த்தோரைக் குறைகூறுவதும் முறையன்று.

ஓரிடத்தில் எனக்கு உடன்பாடில்லை. ரூத்தைப் போவாஸ் குணசாலி என்று புகழ்கிறான். நீதிமொழிகள் இறுதி அதிகாரத்துப் பெண்ணும் குணசாலியே. மூலத்தின் ஹயில் என்னும் சொல்லை இரண்டிடத்தும் ஒன்றுபோல் பெயர்த்தது நன்று. ஆனால் இரண்டாம் அதிகாரத் தொடக்கத்தில் அதே ஹயில் போவாஸைக் குறித்து வரும்போது, அவன் செல்வமுடையவன் என்றே தமிழில் படிக்கிறோம். ஆற்றல், பெருமை, வளம் எல்லாம் அடங்கிய சொல் அது. ஆணுக்கு வந்தால் செல்வம், பெண்ணுக்கு வந்தால் ஒழுக்கம் என்று பிரித்தமையால், நூலாசிரியர் இருவரையும் சமமாக நிறுத்தியது தெரியாமற் போயிற்று. இப்பிரிவினை தமிழில் மட்டுமன்று, ஆங்கில மொழிபெயர்ப்புகளிலும் உண்டு.

1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியத்தைக் கத்தோலிக்க அன்பர்கள் பயில்கின்றனர். தெளிவில் அது மேம்பட்டது. யாத்திராகமம் விடுதலைப் பயணம் ஆயிற்று. தீர்க்கதரிசி இறைவாக்கினர் ஆனார். கர்த்தர் ஆண்டவர் ஆனார். பள்ளிப் பிள்ளைக்கு அதைத்தான் முதலில் கொடுப்பேன். ஆனால் நகோமிக்கும் அவள் கணவனுக்கும் மதிப்புப் பன்மை தந்திருப்பது பற்றி ஐயுறுகிறேன். பழையதில் செல்வனாகிய போவாஸும் அவன். பிழைக்க வந்த ரூத்தும் அவள். கதை சொல்வோன் எவரையும் ஏற்றித் தாழ்த்தவில்லை. பேசுவோர் வாயில்தான் நீரும் நீயும் வேறுபடுகின்றன. காப்பியத் தமிழில் மன்னனும் வந்தான் என்றே வருவான். அவனுக்கு அதனால் இழுக்கில்லை. ஆதலின் இரண்டையும் மேசைமேல் வைத்துக்கொள்ளுதலே தக்கது. வாய்விட்டுப் படிக்கப் பழையது, பொருள் தெளியப் புதியது. ஒன்றைக் கையாள்வோர் மற்றொன்றை ஐயத்தோடு நோக்குவது வீண்.

மொழிபெயர்ப்பு ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியது என்று கருதுவோர் பெர்சிவல் பாதிரியாரை நினைக்கலாம். 1850-இல் வெளிவந்த அவருடைய மொழிபெயர்ப்புக்கு யாழ்ப்பாணத்தில் உடனிருந்து உழைத்தவர் சைவராகிய ஆறுமுக நாவலர். தமிழகத்துப் பாதிரிமார் பலர் எதிர்த்தமையால் அது வழக்கில் நிலைக்கவில்லை. எனினும் தமக்கு உடன்பாடில்லாத நூலையும் பிழையற்ற தமிழில் தரவேண்டும் என்று உழைத்த புலவர் ஒருவர் இருந்தார் என்பதைத் தமிழாசிரியர் மறத்தலாகாது.

முழுநூலாகப் படித்தால் பக்தி குறையும், அது இலக்கிய வகுப்பாகிவிடும் என்பர் சிலர். ரூத்தைப் பொறுத்தமட்டில் இது நேர்மாறு. மோவாபியர் பத்தாந் தலைமுறையிலும் சபைக்குள் வரலாகாது என்கிறது உபாகமம் 23. ரூத்தின் இறுதி வசனங்களோ அந்த மோவாபியளின் மகன் ஓபேத், அவன் மகன் ஈசாய், அவன் மகன் தாவீது என்று முடிகின்றன. பெயர்ப்பட்டியல் என்று வகுப்பினர் விரைந்து தாண்டும் பகுதி அது. முதல் அதிகாரம் முதலே மோவாபியள் மோவாபியள் என்று நூல் ஏன் அடிக்கடி நினைவூட்டிற்று என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது. எஸ்றா, நெகேமியா காலத்தில் அந்நிய மனைவியரை விலக்கியதற்கு மறுமொழியாக எழுந்த நூல் என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். வேறு சிலர் அதனினும் பழமையானது என்பர். எவ்வாறாயினும் இவ்வினாவே இறுதி வரை படித்தவர்க்குத்தான் எழும்.

அவ்வகுப்பில் இப்போது முதல் வாரம் நூல் முழுவதும் படிக்கப்படுகிறது, விளக்கம் கிடையாது. அடுத்த நான்கு வாரம் அதிகாரத்துக்கு ஒன்று. ஆறாம் வாரம் மறுபடியும் முழுவதும். நான்காம் அதிகாரத்தில் போவாஸைவிட நெருங்கிய உறவினன் ஒருவன் ஊர்வாசலில் வருகிறான். நிலத்தை வாங்க இசைகிறான். ரூத்தையும் ஏற்கவேண்டும் என்று கேட்டதும், தன் சுதந்தரம் கெடும் என்று பின்வாங்குகிறான். இரண்டாம் முறை முழுவதும் படித்தபோது, இவனுக்கு மட்டும் ஏன் பெயரில்லை என்று இரவு வேலைப் பெண் ஒருத்தி கேட்டாள். மூலத்திலும் இன்னார் என்பதுபோன்ற சொல்லே உள்ளது. அடுத்து யோனாவை எடுக்க எண்ணியுள்ளனர். அதுவும் 4 அதிகாரம், 48 வசனம்.