தாய்க்கு ஒரு செய்யுள்

பெரியபுராணத்தில் இசைஞானியாருக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு செய்யுள். சடையனாரின் மனைவி, சுந்தரரின் தாய் என்பதற்கு மேல் அதில் அதிகமில்லை. அவர் பிறந்த ஊர் திருவாரூர் என்பதையே கல்வெட்டிலிருந்துதான் அறிகிறோம். மணமாகித் திருநாவலூருக்கு வந்தவர். தெருவில் சிறுதேர் உருட்டிக்கொண்டிருந்த பிள்ளையைக் கண்டு ஆசைப்பட்ட நரசிங்க முனையரையர், பெற்றவர்களிடம் கேட்டு வாங்கிப்போய்த் தம் மகனாக வளர்க்கிறார். 'பெற்றவர்கள்' என்ற பன்மைக்குள் தாயின் சம்மதமும் அடங்கிவிடுகிறது. 12ஆம் நூற்றாண்டுக் கவிஞர் அவளைத் தனியாகக் கேட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இன்றைய கலைஞன் கேட்கிறானா என்பதே என் கேள்வி.

2023இல் வந்த 'மிஸஸ் சாட்டர்ஜி வெர்சஸ் நார்வே' என்ற இந்திப் படத்தை முன்வைத்து இதைக் கேட்கிறேன். 2011இல் நார்வேயின் குழந்தைகள் நல அமைப்பு ஒரு வங்காளத் தம்பதியின் இரு குழந்தைகளை எடுத்துக்கொண்டது. 2012இல் குழந்தைகள் இந்தியாவிலிருந்த சிற்றப்பாவிடம் ஒப்படைக்கப்பட்டனர். கணவனைப் பிரிந்துவிட்ட தாய் கல்கத்தா உயர்நீதிமன்றம் வரை போய் 2013இல் அவர்களைத் திரும்பப் பெற்றாள். படம் இதைத் தழுவியது. குழந்தைகளை ஏற்றிச் செல்லும் வண்டியின் பின்னால் தாய் ஓடுவதில் படம் தொடங்குகிறது. ராணி முகர்ஜி ஓடுகிறார், கதறுகிறார், விழுகிறார். இசைஞானியாருக்கு மௌனம், இவளுக்கு ஓலம். இரண்டுக்கும் நடுவே மனிதர்கள் சாதாரணமாகப் பேசும் பேச்சு என்று ஒன்று உண்டே, அது எங்கே?

கையால் சோறூட்டுவதும் குழந்தையோடு ஒரே படுக்கையில் படுப்பதும் அங்கே குற்றமாகப் பார்க்கப்படுகின்றன. நம் பார்வையாளன் கொதித்துப்போகிறான். அந்தக் கொதிப்பில் அவனுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. பொறி முழுவதையும் வெள்ளைக்காரன் வைத்ததாக நினைத்துக்கொள்ளலாம். கணவன் கை நீட்டுவதைப் படம் காட்டத்தான் செய்கிறது. ஆனால் அவனைக் கெட்டவனாக்கி ஒதுக்கிவிடுவதால், கல்யாணம் என்ற அமைப்பு தப்பித்துக்கொள்கிறது. கணவனின் வேலையை ஒட்டிய குடியேற்ற அனுமதி, அந்நிய மொழி, கையில் காசில்லாமை ஆகிய இவையெல்லாம் சத்தம் போடாத விஷயங்கள். அதனாலேயே இவை காட்சியாவதில்லை.

சட்டமும் அவளைப் பேசவிடுவதில்லை. குழந்தைக் கடத்தல் பற்றிய 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை முதலில் கேட்பது, குழந்தை வழக்கமாக வசித்த நாடு எது என்பதை. ஓராண்டுக்குள் கோரினால், விதிவிலக்குகள் போக, திருப்பி அனுப்பியாக வேண்டும். உடன்படிக்கையை எழுதியவர்கள் கடத்துபவனாகக் கற்பனை செய்தது பெரும்பாலும் தகப்பனை. பின்னாளையக் கணக்கெடுப்புகளில் பெரும்பான்மையோர் தாய்மார்களாக இருக்கிறார்கள். குழந்தையோடு பிறந்தகம் திரும்பினால் கடத்தல்காரி. குழந்தையை விட்டுவிட்டு வந்தால் கைவிட்டவள். இலங்கை இதில் சேர்ந்திருக்கிறது; இந்தியா சேரவில்லை. ஆனால் சேராததால் மட்டும் வழி திறந்துவிடவில்லை. பிரிட்டனிலிருந்து இரு பெண்களோடு கோயம்புத்தூருக்கு வந்துவிட்ட ஒரு தாயின் வழக்கில், எந்த நீதிமன்றம் முந்திப் பயனுள்ள உத்தரவிட்டது என்று பார்த்து, உச்ச நீதிமன்றம் 2015இல் பிரிட்டிஷ் நீதிமன்றத்தின் பக்கம் நின்றது. அந்தப் போக்கை 2017இல் மூன்று நீதிபதிகள் அமர்வு ஏற்கவில்லை. குழந்தையின் நலனே முதன்மை என்றது. இதிலும் நிறுத்துப் பார்க்கப்பட்டது குழந்தையின் நலன். தாய் ஏன் கிளம்பினாள் என்பது அதற்கு ஒரு துணைச் செய்தி.

எந்த ஊரில் வழக்கு என்ற இந்தக் கேள்வி சேக்கிழாருக்கும் தெரியும். புத்தூரில் சுந்தரரின் கல்யாணத்தை ஓலையோடு வந்து நிறுத்துகிறார் ஒரு கிழவர். வழக்கு அவருடைய ஊரான திருவெண்ணெய்நல்லூருக்குப் போகிறது. பாட்டன் எழுதிக்கொடுத்த கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துப் பேரன் அடிமை என்று சபை தீர்க்கிறது. கையெழுத்து பேசுகிறது, சபை பேசுகிறது, இறைவனே வழக்காடுகிறான். சடையனாரின் வீட்டிலிருந்து ஒரு பெண்குரல் வருவதில்லை. பக்திக் கதைக்கு அது தேவையில்லை. அதன் நியாயம் வேறு. நம் காலத்துக் கதைக்கு அந்தச் சலுகை கிடையாது. அழுகையைப் படம்பிடித்துவிட்டால் பெண்ணைப் படைத்துவிட்டதாக நினைப்பது சோம்பேறித்தனம்.

சுந்தரர் பிற்பாடு திருவாரூரில்தான் வாழ்கிறார், தாய் பிறந்த ஊரில். இசைஞானியார் என்றைக்காவது அங்கே திரும்பிப் போனாரா என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.